அடிவாரத் திராட்சைக்கும் ஓர் ஊர்ப் பெயர் வேண்டும்

காந்திகிராமத்தில் நின்று கிழக்கே பார்த்தால் சிறுமலை தெரியும். அதன் அடிவாரத்தில் வெள்ளோடு, செட்டியபட்டி, ஜாதிக்கவுண்டன்பட்டி என அடுத்தடுத்த ஊர்களில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை சாகுபடி செய்கிறார்கள். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவதும் இதே பன்னீர் ரகம்தான். ஆனால் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அடிவாரத் திராட்சையோ சந்தைக்குப் போனால் வெறும் ‘கறுப்புத் திராட்சை’தான்.

பன்னீர் திராட்சை வாசனையில் உயர்ந்தது. இருப்பு வைப்பதில் பலவீனமானது. பறித்த சில நாட்களில் காம்பு காய்ந்து பழம் உதிரத் தொடங்கும். அதனால் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டிய நெருக்கடி விவசாயிக்கு வருகிறது. பழத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குபவர் இருந்தால்தான் இந்த நெருக்கடி குறையும். அந்தப் பெயர் எப்படி வருகிறது என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரான்ஸ் கற்ற பாடம்

ஊர்ப் பெயரைச் சட்டத்தால் காப்பதில் உலகுக்கு முன்னோடியாக இருந்தவர்கள் பிரான்ஸ் நாட்டுத் திராட்சை விவசாயிகள். அவர்களை அதற்குத் தள்ளியது ஒரு சிறிய பூச்சி. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ‘ஃபைலோக்சரா’ என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி, வேரைத் தாக்கித் தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்ச்செடியில் தங்கள் ரகங்களை ஒட்டுக் கட்டித்தான் அவர்கள் மீண்டார்கள். இன்று உவர் நிலத்துக்கும் நூற்புழுத் தொல்லைக்கும் நமக்குப் பரிந்துரைக்கப்படும் ‘டாக்ரிட்ஜ்’ வேர்ச்செடியும் அமெரிக்க இனமே.

பழம் குறைந்தபோது போலி பெருகியது. வெளியூர்ப் பழத்தில் செய்த ஒயினுக்குப் புகழ்பெற்ற ஊர்களின் பெயரை ஒட்டி விற்றார்கள். 1911-ல் ஷாம்பெயின் பகுதி விவசாயிகள் இதை எதிர்த்துக் கலகமே செய்தார்கள். கடைசியில் 1935-ல் தனிச் சட்டம் வந்தது. எல்லைக்குள் விளைந்த பழம், குறிப்பிட்ட ரகம், ஏக்கருக்கு இவ்வளவுதான் மகசூல், இப்படித்தான் கவாத்து என எழுதி வைத்தார்கள். அதற்கு உட்பட்டவருக்கே பெயர் என்றார்கள்.

இதில் பரப்பளவு ஒரு தடை அல்ல. ரோன் ஆற்றங்கரையில் ‘ஷாத்தோ கிரியே’ என்ற பெயர் 1936-லேயே அங்கீகாரம் பெற்றது. அதன் மொத்தப் பரப்பு ஏறக்குறைய ஒன்பது ஏக்கர்தான். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ‘வியோனியே’ என்ற ஒரே ரகத்தை நட்டு, ஒரே பண்ணையாக நடத்துகிறார்கள். பக்கத்து ஊர்களிலும் அதே ரகம் உண்டு. ஆனாலும் இந்தச் சரிவின் பெயர் இந்தச் சரிவுக்கு மட்டுமே.

கம்பம் எதைக் காட்டியது?

நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனி ஒருவர் தனக்கென இதைப் பெற முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கம் அல்லது அவர்கள் நலன் காக்கும் அமைப்புதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ரகம் மட்டும் இருந்தால் போதாது. மண்ணும் காற்றும் வளர்ப்பு முறையும் சேர்ந்து பழத்துக்கு என்ன தனித்தன்மை தருகின்றன என்று நிரூபிக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பெரிய பலம், அங்கு ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பது. சுற்றிலும் மலை, முல்லைப் பெரியாற்றுப் பாசனம், தோட்டத்துக்குத் தோட்டம் மாதம் மாற்றிச் செய்யும் கவாத்து ஆகியவை அதற்குத் துணை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தத் திராட்சையைக் கொண்டு வந்தார் என்ற வரலாறும் அங்கு வழங்குகிறது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உள்ளது.

மலை மேலிருந்து ஓர் எச்சரிக்கை

பெயர் கிடைத்தால் எல்லாம் முடிந்துவிடாது. அதற்குச் சாட்சி சிறுமலையிலேயே இருக்கிறது. சிறுமலை வாழைக்கும் கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழைக்கும் 2008-09-லேயே குறியீடு வந்துவிட்டது. மர நிழலில், காப்பி, மிளகோடு ஊடுபயிராக, மானாவாரியில் விளையும் இந்தப் பழத்தில் நீர்ப்பதம் குறைவு, மணம் அதிகம். ஆனால் முடிக்கொத்து நச்சுயிரி நோய் மலைவாழைத் தோட்டங்களைப் பெரிதும் சுருக்கிவிட்டது. அசுவினிப் பூச்சியாலும் நோயுள்ள பக்கக்கன்றுகளாலும் பரவும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு அழித்து, நச்சுயிரி இல்லை என்று சோதித்த கன்றை நடுவதே வழி. காகிதத்தில் பெயர் இருந்து, தோட்டத்தில் பழம் இல்லாவிட்டால் அந்தப் பெயர் யாருக்குச் சோறு போடும்?

அடிவார விவசாயிகள் இப்போதே செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு நோட்டு வையுங்கள். கவாத்து செய்த தேதி, அறுவடை தேதி, மகசூல், விற்ற விலை, தெளித்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். பத்துத் தோட்டத்தின் ஐந்து வருடக் கணக்கு, நாளை விண்ணப்பத்துக்கு நல்ல ஆதாரம்.

2. மண், பாசன நீர் இரண்டையும் பரிசோதித்து முடிவு அட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

3. பழுக்காமல் பறிக்காதீர்கள். மா, வாழைபோல் திராட்சை பறித்த பின் இனிக்காது. நிறம் வந்துவிட்டது, விலையும் இருக்கிறது என்று புளித்த பழத்தை அனுப்பினால், கெடுவது ஒரு லோடு மட்டுமல்ல. ஊரின் பெயரும் கெடும். சர்க்கரை அளவு பார்க்கும் கருவி ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

4. பழைய பட்டா, அடங்கல், சந்தைச் சீட்டு, முதல் தோட்டம் போட்ட பெரியவர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். இந்தப் பழம் எத்தனை தலைமுறையாக இங்கு விளைகிறது என்று காட்ட வேண்டியிருக்கும்.

5. சங்கமாகச் சேருங்கள். எந்த ஊர் எல்லைக்குள், எந்த ஊர் வெளியே என்பதை முன்னதாகவே பேசி முடியுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு, நம் பழம் கம்பம் பழத்திலிருந்து எந்த வகையிலும் மாறுபடவில்லை என்று தெரியவந்தாலும் நஷ்டம் இல்லை. கணக்கு வைத்தவனுக்கும் பழுத்த பழம் அனுப்புபவனுக்கும் சந்தையில் தனி மரியாதை உண்டு.

வாசகர் கேள்விகள்

*கேள்வி: அடிவாரத்தில் விளைந்த பழத்தைக் கம்பம் திராட்சை என்று பெட்டியில் அச்சிடலாமா?*

பதில்: கூடாது. ரகம் ஒன்றாக இருந்தாலும் எல்லைக்கு வெளியே விளைந்தது. பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ‘பன்னீர் திராட்சை, வெள்ளோடு’ என்று உங்கள் ஊரையே அச்சிடுங்கள். பெயர் அங்கிருந்துதான் தொடங்கும்.

*கேள்வி: எல்லைக்குள் இருக்கும் விவசாயி குறியீட்டைத் தானாகவே பயன்படுத்தலாமா?*

பதில்: அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்ய வேண்டும். 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020-ல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. சிறுமலை வாழை விவசாயிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

*கேள்வி: குறியீடு எத்தனை ஆண்டுக்குச் செல்லும்?*

பதில்: பத்து ஆண்டுகள். பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்க மறந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிடக்கூடும்.