சாய்ந்தோடும் சைக்கிள்: காற்றும் பாரமும் சமநிலையும்

சைக்கிளை விரைந்தோட்டுபவனுக்குப் பெரும் பகை எது? பாதையின் உராய்வு என்பர் சிலர். வண்டியின் பாரம் என்பர் வேறு சிலர். சமதரையில் விரைபவனுக்கு இவ்விரண்டையும்விடப் பெரிய பகை காற்றேயாகும். வேகம் இரு மடங்காயின் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். நிமிர்ந்திருந்து ஓட்டுபவன் தன் மார்பையே காற்றுக்கு மறிப்பாக நிறுத்துகிறான். அவன் சாய்மனைக் கதிரையிற் கிடப்பதுபோலச் சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதித்தால், காற்று மோதும் பரப்புக் குறையும். அதே வலுவுடன் கூடிய வேகத்தைப் பெறலாம்.

இதனைச் செய்து காட்டியவர் பிரான்ஸ் தேசத்தவரான சார்ள்ஸ் மொஷே. அவர் அமைத்த சாய்வு வண்டியில், 1933 யூலை 7ஆந் திகதி, பிரான்சிஸ் ஃபோர் என்னும் இரண்டாந்தர ஓட்டக்காரர் பாரிஸ் நகரில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் தூரம் ஓடினார். சுவிற்சர்லாந்து வீரர் ஒஸ்கார் எக் 1914இல் ஓடிய 44.247 கிலோமீற்றரே அதுவரை எவரும் மிஞ்சாத தூரமாக இருந்தது. ஆயினும் 1934இல் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் பந்தயச் சைக்கிளின் இலக்கணத்தை வரையறுத்து, சாய்வு வண்டியைப் பந்தயங்களினின்றும் விலக்கிவிட்டது. ஃபோர் பின்வாங்கவில்லை. 1939இல், காற்றைக் கிழித்தோடும் கூடு பொருத்திய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் காட்டினார்.

தாழ்ந்த பாரம் நன்மையா?

இவ்வளவு சிறப்புடைய வண்டியை எல்லோரும் ஓட்டாதது ஏன்? விதி ஒரு காரணம். சமநிலை மற்றொரு காரணம்.

பாரம் தாழ்ந்திருந்தால் வண்டி கவிழாது என்பது பொதுவான எண்ணம். நாற்சக்கர வண்டிக்கும் தோணிக்கும் இது பொருந்தும். இருசக்கர வண்டிக்குப் பொருந்தாது. மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். நீண்ட தடியொன்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்துங்கள். பின்னர் ஒரு பென்சிலை அவ்வாறே நிறுத்த முயலுங்கள். தடி மெதுவாகச் சாயும். கையை நகர்த்த அவகாசம் உண்டு. பென்சிலோ கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். உயரம் நாலிலொன்றாயின் அவகாசம் பாதியாகும்.

சைக்கிளோட்டுபவன் செய்வதும் இதுவே. வண்டி சாயும் பக்கத்துக்குக் கைபிடியைத் திருப்பிச் சக்கரங்களைத் தன் பாரத்தின்கீழ்க் கொண்டுவருகிறான். தாழ்ந்த வண்டியில் இதனை இன்னும் விரைவாகச் செய்தல் வேண்டும். முதுகு சாய்மனையில் தங்கியிருப்பதால் உடலை அசைத்துத் திருத்தவும் இயலாது. எனவே புறப்படும்போதும் மெதுவாக ஏற்றம் ஏறும்போதும் வண்டி தள்ளாடும். வேகம் கூடியபின், கைபிடியின் சிறு திருப்பமே போதியதாகும்.

சுழலும் சக்கரமே சைக்கிளை நிமிர்த்துகிறது என்று பலர் நம்புகின்றனர். 2011இல் அமெரிக்க, ஒல்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அச்சுழற்சியின் விளைவை நீக்கிய ஒரு சிறு வண்டியை அமைத்தனர். தள்ளிவிட்டதும் அது ஆளின்றியே நிமிர்ந்தோடியது. பாரம் எவ்வளவு என்பது மட்டுமன்று, எவ்விடத்தில் அமைந்துள்ளது என்பதும் முக்கியம் என்பதை அது உணர்த்தியது.

பக்கக் காற்றின் சோதனை

கூடு எதிர்க்காற்றை வெல்லும். பக்கக் காற்றுக்கோ அதுவே பாயாகிவிடும். அம்பை நோக்குங்கள். முனையிற் பாரம், பின்னே இறகு. ஆகவே அது நேரே பாய்கிறது. காற்று தள்ளும் மையம் பாரத்தின் மையத்துக்குப் பின்னே இருத்தல் நன்று. மழுங்கிய மூக்குடைய கூட்டில் அது பெரும்பாலும் முன்னே அமைவதால், காற்று வண்டியின் மூக்கைத் திருப்பப் பார்க்கும். ஒரே வீச்சுக்குப் பாரமான வண்டி குறைவாகவும் இலேசான வண்டி கூடுதலாகவும் விலகும். ஏற்றத்திற் சுமையாகும் பாரம், காற்றிலே துணையாகிறது.

2016இல் கனடாவைச் சேர்ந்த ரொட் ரைக்கர்ட், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், முழுக் கூடிட்ட வண்டியில் மணிக்கு 144.17 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். அது நேரான சமபாதை. காற்றின் வேகத்துக்கும் வரம்புண்டு. அத்தகைய வண்டியைக் காற்று வீசும் பாலமொன்றில் நம்பிச் செலுத்துதல் இயலாது. அன்றாடப் பாதைக்குக் கூடில்லாததும் இருக்கை மிகத் தாழாததுமான வண்டியே உகந்தது. பிற வாகன சாரதிகளின் கண்ணிலும் அது படும்.

எவ்வளவு இலேசு, எவ்வளவு வேகம் என்று கேட்பதோடு அமையாது, பாரம் எங்கே, காற்று எங்கே என்றும் கேட்பவனே வண்டியின் இயல்பை அறிவான்.