மிளகு ஸ்பிரே வைத்துக்கொண்டால் குற்றமா?

என் நாத்தனார் மகள் வெளியூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஹாஸ்டலில் சேர்த்தபோது, கைப்பையில் ஒரு பெப்பர் ஸ்பிரே வைத்து அனுப்பினோம். முதல் வாரமே பையைச் சோதித்த வார்டன், 'ஆயுதமெல்லாம் உள்ளே கூடாது' என்று வாங்கி வைத்துக் கொண்டாராம்.

மிளகாயின் காரத்தில் செய்கிற சமாச்சாரம் அது. கண்ணில் பட்டால் அரைமணி நேரம் எரியும், உயிர் போகாது. வாங்க லைசென்ஸும் தேவையில்லை. பஸ்சில் உரசுகிறவனுக்காக நம்மில் எத்தனை பேர் ஊக்கு வைத்திருந்தோம்! அதை எந்தக் கல்லூரியாவது ஆயுதம் என்றதா?

'கேம்பஸுக்குள் என்ன பயம், செக்யூரிட்டி இருக்கிறாரே' என்கிறார்கள். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. செய்தவன் வெளி ஆள். 2025 ஜூனில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, சரிதான். ஆனால் அந்த ராத்திரி அந்தப் பெண்ணுக்கு எந்தச் செக்யூரிட்டி துணைக்கு வந்தார்? 181-க்கு போன் செய்யலாம். போலீஸ் வந்து சேரும்வரை என்ன செய்வது?

தன்னைக் காத்துக்கொள்ளத் திருப்பித் தாக்கும் உரிமை பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. சட்டம் கொடுப்பதை வார்டன் பிடுங்கலாமா?

பிள்ளைகள் விளையாட்டுக்கு அடித்து விடுவார்கள் என்ற பயம் நியாயம்தான். 2014-ல் பார்லிமென்டுக்குள்ளேயே ஒரு எம்.பி. பெப்பர் ஸ்பிரே அடித்து, மற்ற எம்.பி.க்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்களே! அதற்காக ஒரேயடியாகத் தடை போடுவானேன்? யார் யாரிடம் இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கட்டும். வகுப்பறையில் அடித்தால் தண்டனை கொடுக்கட்டும். பெண் போலீசைக் கூப்பிட்டு ஒருநாள் சொல்லிக் கொடுக்கட்டும். காற்று எதிரே வீசினால் நம் முகத்திலேயே படும். பைக்கு அடியில் புதைத்து வைத்தால் அவசரத்துக்கு உதவாது. டப்பாவுக்குக் காலாவதி தேதி உண்டு. இதெல்லாம் தெரியாமல் வாங்கிக் கொடுத்தும் பிரயோசனமில்லை.

எங்கள் பெண்ணுக்கு லேப் முடிய ஏழு மணியாகிறது. ஹாஸ்டலுக்கு வரும் வழியில் இரண்டு விளக்கு எரிவதில்லை. இப்போது பாடி ஸ்பிரே டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். அதை யாரும் ஆயுதம் என்று சொல்லவில்லை!

உங்கள் பெண்கள் படிக்கும் கல்லூரியில் எப்படி, சகோதரிகளே? எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, கரூர்.