மசியாத சாட்சி!

நான் படித்தது பி.காம். இரண்டு பேர் கணக்கு ஒரே லெட்ஜரில் கலந்துவிட்டால் எப்படியாவது பிரித்துவிடுவேன். ஒரு பஞ்சு நுனியில் இரண்டு பேருடைய டி.என்.ஏ. கலந்து கிடந்தால்? அதையும் பிரிக்கிறார்கள் என்று படித்ததும் அசந்துபோனேன்.

பாலியல் பலாத்கார வழக்குகளில், பாதிக்கப்பட்ட பெண்ணிடமிருந்து எடுக்கும் பஞ்சில் பெரும்பாலும் அவருடைய செல்கள்தான் இருக்கும். குற்றவாளியின் விந்தணு கொஞ்சம்தான். மொத்தமாக டி.என்.ஏ. எடுத்தால் அவனுடையது அமுங்கிப் போகும்.

1985-ல் இங்கிலாந்தின் பீட்டர் கில், அலெக் ஜெஃப்ரீஸ், டேவிட் வெரட் மூவரும் இதற்கு வழி சொன்னார்கள். முதலில் சோப்பு மாதிரி ஒரு ரசாயனமும், புரதத்தைச் சிதைக்கும் என்ஸைமும் சேர்ப்பார்கள். பெண்ணின் செல்கள் உடைந்து டி.என்.ஏ. கரைசலில் வந்துவிடும். விந்தணுவின் தலை மட்டும் எதற்கும் மசியாது. அதற்குள் இருக்கும் புரதங்களைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. நம் தலைமுடிக்கு உறுதி தருவதும் இதே ரகப் பிணைப்புதான்.

பிறகு கருவியில் வைத்து வேகமாகச் சுற்றினால் விந்தணுத் தலைகள் அடியில் தங்கும். மேலே இருப்பதைத் தனியே எடுத்துவிட்டு, அடியில் இருப்பதைக் கழுவி, டி.டி.டி. சேர்ப்பார்கள். (பதறாதீங்க, கொசு மருந்து இல்லை. இது டைதையோத்ரைட்டால்!) கந்தக முடிச்சு அவிழும். அவனுடைய டி.என்.ஏ. தனியாக வெளியே வரும்.

அடுத்த வருஷமே, 1986-ல், லெஸ்டர்ஷையர் போலீஸ் ஜெஃப்ரீஸைத் தேடி வந்தது. அங்கே 15 வயதுப் பெண் ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டுக் கொலையாகியிருந்தாள். 17 வயதுப் பையன் ஒருவன் 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொண்டும்விட்டான். 1983-ல் பக்கத்து ஊரில் இதேபோல் இன்னொரு 15 வயதுப் பெண் இறந்திருந்தாள். அதுவும் இவன் வேலைதானா என்று போலீஸுக்குத் தெரிய வேண்டும்.

ஜெஃப்ரீஸ் சோதித்துப் பார்த்தார். இரண்டையும் செய்தது ஒரே ஆள். ஆனால், அந்த ஆள் இந்தப் பையன் இல்லை!

1987-ல் சுற்றுவட்டார ஆண்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் ரத்தமோ எச்சிலோ கொடுத்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. காலின் பிட்ச்ஃபோர்க் என்ற பேக்கரி ஊழியர் தனக்குப் பதிலாகக் கூட வேலை பார்த்தவரை அனுப்பியிருந்தார். எத்தனை ரசாயனம் ஊற்றி என்ன பிரயோஜனம், வந்த ரத்தமே வேறு ஆளுடையது! போனவர் மதுக்கடையில் அதை உளறிவிட, கேட்ட ஒரு பெண் போலீஸுக்குச் சொன்னார். செப்டம்பரில் பிட்ச்ஃபோர்க் சிக்கினார். 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை.

அந்தப் பையன் 1986 நவம்பரிலேயே வீட்டுக்குப் போய்விட்டான்.