உழைக்கும் கத்தி: செய்வதும் விற்பதும்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய காணியில் கால் வைத்ததும் தேடும் முதற் பொருள்களில் ஒன்று கத்தி. பற்றை வெட்ட, கொட்டிலுக்குக் கம்பு தறிக்க, வேலி அடைக்க, விறகு கொத்த, எல்லாவற்றிற்கும் அது வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியோரிலும், 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தோரிலும் பலர் தொழிற் கருவிகளைக் கைவிட்டே வந்தனர். ஆகவே, கொல்லுத் தொழில் தெரிந்த ஒருவர் உங்கள் மத்தியில் இருந்தால், சிறு முதலுடன் தொடங்கக்கூடிய தொழில் இது. ஆனால் கத்தி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. விற்கவும் தெரிய வேண்டும்.

எந்த இரும்பு?

கட்டிடக் கம்பியில் செய்த கத்தி பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதில் கரிச்சத்து குறைவு. எப்படித் தோய்த்தாலும் வாய் கடினமாகாது. லொறியின் ஸ்பிரிங் தகட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 0.6 பங்கு கரி உண்டு. வெட்டுக்கத்திக்கும் காட்டுக்கத்திக்கும் அது மிகப் பொருத்தம். பழைய தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். தூக்கிப் பிடித்துச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென ஒலிக்காத துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

தோய்ச்சல்

கத்தியின் உயிர் தோய்ச்சலில்தான் இருக்கிறது. அடித்து உருவாக்கிய அலகை உலையில் சிவக்கக் காய்ச்சுங்கள். பழைய ரேடியோப் பெட்டியின் காந்தம் அலகில் ஒட்டாமற் போகும் நிலையைச் சற்றுத் தாண்டியதும் தோய்க்கலாம். அதற்கு மேலும் மிகக் காய்ச்சினால் இரும்பு நொறுங்கும் தன்மை அடையும். ஸ்பிரிங் தகட்டைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும்; எண்ணெயே நல்லது. எண்ணெய் தீப்பற்றலாம். ஆகவே இரும்புப் பாத்திரத்தையே பாவியுங்கள். அதை மூடத் தகடு ஒன்றைப் பக்கத்தில் வைத்திருங்கள். கிடுகுக் கூரையின் கீழ் இந்த வேலை வேண்டாம்.

அலகு முழுவதையும் அமிழ்த்தாது வாய்ப் பக்கத்தை மட்டும் தோயுங்கள். பின் வெளியே எடுத்து, வாயைக் கல்லால் தேய்த்து வெளிறச் செய்யுங்கள். முதுகில் தங்கிய சூடு வாயை நோக்கி வரும்போது நிறம் மாறும்: முதலில் வைக்கோல் நிறம், பின் கபிலம், அதன்பின் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். குசினிக் கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்தி ஆற்றுங்கள். காட்டுக்கத்திக்குக் கபிலம் கத்தரிப்பூவாக மாறும் வரை பொறுங்கள். இவ்வாறு செய்தால் வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் இருக்கும். முட்டிலே பட்டாலும் முறியாது.

வாலும் பிடியும்

மடக்குக் கத்தி மூட்டிலே தளரும். பாரமான வேலைக்கு அலகும் வாலும் ஒரே இரும்பாக, பிடியின் கடைசிவரை போக வேண்டும். அலகு வாலாக ஒடுங்கும் இடத்தைச் சதுர மூலையாக வெட்டாமல் வளைவாக அரமிடுங்கள். கத்திகள் பெரும்பாலும் முறிவது அந்த மூலையில்தான். பிடிக்கு நன்றாகக் காய்ந்த வேம்பு அல்லது புளி பொருந்தும். பச்சை மரம் பின்னர் சுருங்கிப் பிடி ஆடும். ஆடும் பிடி கையைக் காயப்படுத்தும்.

விலை எப்படி வைப்பது?

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம். இருவர் ஒரு நாளில் ஆறு கத்தி செய்வதாக வைத்துக்கொள்வோம்.

தகடு - 2,400 ரூபா
கரி - 1,200 ரூபா
பிடி மரம், ஆணி - 600 ரூபா
அரம், கருவித் தேய்மானம் - 300 ரூபா
இருவர் கூலி - 6,000 ரூபா
மொத்தம் - 10,500 ரூபா

ஒரு கத்தியின் அடக்கவிலை 1,750 ரூபா. கூலியைக் கணக்கில் எடுக்காதவர் அடக்கவிலை 750 ரூபா என்றே நினைப்பார். கடைக்காரர் 1,500 ரூபா தந்தால் பாதிக்குப் பாதி இலாபம் என மகிழ்வார். உண்மையில் அன்று 1,500 ரூபா நட்டம். அது அவருடைய சொந்தக் கூலியிலிருந்து போகிறது. வீட்டார் சம்மட்டி அடித்தாலும் துருத்தி ஊதினாலும் அதுவும் கூலியே.

விற்பனை

1. காலம் பாருங்கள். காலபோகத்திற்குக் காணி துப்புரவாக்கும் ஆவணி, புரட்டாதியில் காட்டுக்கத்தி விலைப்படும். அறுவடைக்கு முன் அரிவாள் தேவை. சீவல் தொழிலாளர் பாளைக்கத்தியைத் தம் கைக்கு ஏற்றபடி கேட்பர். அளவு கேட்டே செய்யுங்கள்.

2. வாங்குபவர் முன்னிலையில் காய்ந்த விறகில் இருபது வெட்டு வெட்டிக் காட்டுங்கள். வாய் மடங்கினால் தோய்ச்சல் போதாது. பல்லுப் பல்லாக உடைந்தால் கடினம் மிகுதி. அக் கத்தியை விற்கவேண்டாம். உலைக்குத் திருப்புங்கள்.

3. ஒவ்வொரு கத்தியிலும் உங்கள் அடையாளத்தைப் பொறியுங்கள். பழுதானால் திருத்தித் தருவதாகச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

4. தீட்டுவதும் பிடி மாற்றுவதும் தனி வருமானம். பழைய கத்தியோடு வருபவரே அடுத்த புதிய கத்தியையும் வாங்குவார்.

5. கடனுக்குக் கொடுத்தால் கொப்பியில் திகதியுடன் எழுதுங்கள். முதற் கடன் தீருமுன் இரண்டாம் கடன் வேண்டாம்.

6. தொழிற் கருவிகளை மட்டுமே செய்யுங்கள். சந்தைக்குக் கொண்டு போகும்போது சாக்கில் சுற்றிக் கட்டுங்கள்; சிறுவர் கையில் விற்க வேண்டாம்.

ஊர் மாறி வந்தவரைப் புதிய சந்தையில் எவருக்கும் தெரியாது. அவர் செய்த கத்தி ஒரு போகம் உழைத்துக் காட்டினால், அடுத்த போகத்தில் அவரைத் தேடி ஆட்கள் வருவார்கள்.