நான்கு சக்கரங்களும் ஒரு ஸ்டெப்னியும்

புதுவையின் கடலூர்ச் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலையை ஒட்டிய முதலியார்பேட்டைத் தெருக்களில், வாசலுக்கு வாசல் நிற்கும் கார்களின்மேல் வங்கக் கடலின் உப்புக்காற்று இரவும் பகலும் படிந்துகொண்டே இருக்கிறது. அது மேற்பூச்சை மட்டுமே அரிக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், சக்கரமும் அதைத் தாங்கும் எஃகு ஹப்பும் ஒன்றோடொன்று படிகின்ற, கண்ணுக்குத் தெரியாத முகத்தில்தான் அந்த உப்பின் விசேஷ வேலை நடைபெறுகிறது. அலுமினியக் கலவைச் சக்கரத்துக்கும் எஃகுக்கும் இடையே உப்பு ஈரம் புகுந்துவிட்டால், மின்கலத்துக்குள் நிகழும் இரசாயனமே அங்கும் நிகழ்ந்து, அலுமினியம் வெண்மையாகப் பூத்து, நட்டுகளை எல்லாம் கழற்றிய பிறகும் சக்கரம் அசைந்து கொடுக்காமல் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பஞ்சரான காரோடு நிற்பவருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் வேண்டியதில்லை. ஆகையால், 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வீட்டு வாசலிலேயே சக்கரங்களைக் கழற்றி இடம் மாற்றும் வழக்கத்தை டயர்ச் செலவைக் குறைக்கும் உபாயமாக மாத்திரம் கருதாமல், அவசரகாலத்தில் சக்கரம் கழன்று வருவதற்குச் செய்துகொள்ளும் முன்னேற்பாடாகவும் கருதவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இடம் மாற்றுவானேன்? புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1934ஆம் ஆண்டில் பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனம் முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் காரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியபோதிலும், நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் கோலோச்சிய அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கர உந்துதலால் ஓடியவையே. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன்சக்கர இழுவை நமக்குச் சர்வசாதாரணமாயிற்று. அந்த அமைப்பில் இயந்திரத்தின் பாரம், இழுவை, திருப்பம், பிரேக் போடும்போது முன்னோக்கிச் சாயும் வண்டியின் எடை ஆகிய அனைத்தையும் முன்டயர்கள் இரண்டுமே ஏற்கவேண்டியிருப்பதால், பின்டயர்கள் புதுமை மாறாதிருக்கையிலேயே அவை தேய்ந்துவிடுகின்றன.

ஆதலால் முன்சக்கரங்களை அதே பக்கத்தில் பின்னுக்குக் கொண்டுபோய், பின்சக்கரங்களை இடம் வலம் மாற்றி முன்னுக்குக் கொண்டுவருவது விதி. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் மட்டும் பக்கம் மாற்றலாகாது. ஒரே ஒரு ஜாக்கியை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்று மலைக்க வேண்டாம். ஸ்டெப்னி அதற்குத்தான் துணை நிற்கிறது. முதலில் இடது முன்சக்கரத்தைக் கழற்றி அவ்விடத்தில் ஸ்டெப்னியை மாட்டுங்கள். கழற்றியதை இடது பின்புறத்திலும், அங்கிருந்து வந்ததை வலது முன்புறத்திலும், அதனால் விடுபட்டதை வலது பின்புறத்திலும் பொருத்தி, கடைசியில் கையில் மிஞ்சுவதை இடது முன்புறத்தில் மாட்டிய ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பொருத்தினால், ஐந்து முறை ஜாக்கி ஏற்றி இறக்குவதோடு காரியம் பூர்த்தியாகிவிடும்.

ஜாக்கி ஏற்றுமுன் வண்டி சமதளத்தில் நிற்கட்டும். அதன் நிலையை மட்டும் அஜாக்கிரதையாக விடலாகாது. முன்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டு, கியரில்தானே நிற்கிறது என்று நிம்மதி கொள்வது ஆபத்து. ஏனெனில் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு, அந்தரத்தில் உள்ள சக்கரம் எதிர்த்திசையில் சுழல இடமிருக்கும் வரையில், தரையிலுள்ள மற்ற முன்சக்கரத்தை உருளவிட்டுவிடும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிப்பதால், பின்பக்கம் ஒன்றைத் தூக்கும்போது அதன் பலமும் பாதியாகிறது. எனவே குறுக்கு மூலையிலுள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியை அடிப்பட்டையில் அதற்கென்று உள்ள இடத்திலேயே நிறுத்தி, உடம்பின் எந்தப் பாகமும் வண்டிக்கு அடியில் போகாமல் வேலை செய்யவேண்டும்.

இனி நட்டு முடுக்குவதைப் பற்றி. சக்கரத்தின் பாரத்தை போல்ட்டுகள் தம் தண்டிலே சுமக்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளபடி நடப்பது என்னவென்றால், நட்டை முடுக்கும்போது போல்ட் ரப்பரைப் போல இம்மியளவு நீள்கிறது. நீண்டது சுருங்க முயல்கையில் சக்கரத்தை ஹப்போடு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே சக்கரத்தை நழுவாமல் பிடிக்கிறது. கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 40 கிலோ பலத்தோடு அழுத்தினால் ஏறக்குறைய 98 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும். சிறு கார்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 85 முதல் 110 வரைதான். அந்த முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வாகவே செலவழிந்துவிட, எஞ்சிய ஒரு பங்கே ஒவ்வொரு போல்ட்டையும் சுமார் 4 டன் இழுவிசையில் நிறுத்திவைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஸ்பேனர்மேல் ஏறி நின்றாலோ 147 நியூட்டன் மீட்டராகி, போல்ட் தன் இயல்பு நீளத்துக்குத் திரும்பாமலே போகக்கூடும்.

துருவுக்குப் பயந்து மரையில் எண்ணெய் விடுவது கடலோரத்தில் பலருடைய வழக்கம். அதைக் கைவிட வேண்டுகிறேன். எண்ணெய் உராய்வைக் குறைத்துவிடுவதால், அதே முறுக்கு முன்னிலும் அதிகமாகப் போல்ட்டை இழுத்துப் பலவீனப்படுத்தும். மரையையும் ஹப்பின் முகத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து உலர வைத்தாலே போதும். சக்கரம் தரையில் இருக்கையிலேயே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துவதும், மாட்டும்போது முதலில் விரலாலேயே திருகிக் கூம்பு முகத்தைக் குழியில் அமர்த்துவதும், தரையில் இறக்கியபின் எதிரெதிராக முடுக்குவதும் அவசியம்.

கழற்றிய டயரைச் சும்மா விடாமல் விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு ஓரமும் தேய்ந்திருந்தால் குறைவு. ஓர் ஓரம் மட்டுமென்றால் அலைன்மென்ட் பிசகியிருக்கிறது. ரப்பர்ப் பாளங்களுக்கிடையே உள்ள சிறு மேடுகளின் மட்டத்துக்கு, அதாவது 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயரை எவ்விடத்துக்கு மாற்றியும் பயனில்லை. மழைநீரை வெளித்தள்ளப் போதிய பள்ளம் அதில் இல்லை.

டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் பஞ்சர் ஒட்டும் உபகரணமும் இருந்தால், டியூப் இல்லாத டயருள்ள கார்களை ஸ்டெப்னி இன்றியே விற்கலாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டதால், இன்று சில வண்டிகளின் டிக்கியில் ஐந்தாம் சக்கரம் கிடையாது. அத்தகைய கார் உடையவர் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்ளட்டும். மற்றபடி எல்லோருக்கும் பொதுவான வேலை, முன்பின் காற்றளவைப் புதிய இடத்துக்கேற்ப அமைத்து, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்ப்பதுதான்.