பட்டியலில் விடுபட்டவருக்கும் வக்கீல் உண்டு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியது. வலையும் படகும் தார் பூசியதுபோல் ஆயின. மீனவர்களே மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளிப் பேரல்களில் ஊற்றினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, படகுகள் 787-க்குத் தலா 10,000 என அரசு நிவாரணம் அறிவித்தது.

இப்படிப்பட்ட நிவாரணத்தில் எல்லாமே பட்டியல்தான். படகுக்குப் பதிவு எண் இருக்கிறது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிற பெண்ணும், கூடை சுமந்து மீன் விற்கிறவரும் தொழிலுக்கு எந்தச் சான்றைக் காட்டுவார்கள்? பெயர் விடுபட்டால் அதற்காகத் தீர்ப்பாயம் தானாக முன்வராது.

மாதாந்திர உதவிகளிலும் இதே சிக்கல்தான். 2023 செப்டம்பர் 15-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, விண்ணப்பித்த சுமார் 1.63 கோடிப் பேரில் 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். மற்றவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றது அரசு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறுத்த காரணம் தவறு என்று எந்த ஆவணத்தைக் கொண்டு காட்டுவது, மனுவில் என்ன எழுதுவது?

இங்கேதான் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் கைகொடுக்கிறது. இலவச வக்கீல் கோர்ட்டுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சட்டமோ நீதிமன்றத்தோடு “பிற அதிகார அமைப்பு”களையும் சேர்த்தே சொல்கிறது. சட்ட ஆலோசனையும் அதில் அடக்கம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், வெள்ளத்திலோ தொழிற்சாலைப் பேரிடரிலோ பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரத்தில் எத்தனை வீடுகள் இதற்குள் வரும் என்று எண்ணிப் பாருங்கள்!

அரசுத் திட்டங்களின் பலன் ஏழைகளுக்குப் போய்ச் சேர உதவுவதற்கென்றே தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2015-இல் தனித் திட்டம் வகுத்தது. சட்டத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஆனால் சட்ட உதவி கேட்டு எண்ணூர்த் தாழங்குப்பத்திலிருந்து பாரிமுனைக்குப் போய்வந்தால் ஒருநாள் பிழைப்பு போகும். எனவே கெடு முடிவதற்குள் தன்னார்வலர்கள் குப்பத்துக்கே வர வேண்டும். மீன் ஏலக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் உட்கார்ந்து மனு எழுதித் தர வேண்டும்.

அதுவரை, மறுப்புக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.