ஒரே போனுக்குள் பல ஆயுள்கள்

2015 ஜூலையில் ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. வீடியோவையும் பாட்டையும் இயக்கும் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற பகுதியில் இருந்த பிழை அது. விஷமத்தனமாகத் தயாரித்த வீடியோ ஒன்று எம்எம்எஸ்ஸில் வந்து சேர்ந்தாலே போதும். பல போன்களில் அதைத் திறக்காமலேயே வெளியாள் உள்ளே நுழைய முடியும். சுமார் 95 கோடி கருவிகள் ஆபத்தில் இருப்பதாக, பிழையைக் கண்டறிந்த சிம்பீரியம் நிறுவனம் மதிப்பிட்டது. திருத்தம் கூகுளிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அது மக்களின் கைக்கு வரத்தான் வழியில்லை. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வந்தால் முதலில் சிப் நிறுவனம் அதைத் தன் சிப்புக்குப் பொருத்த வேண்டும், பிறகு போன் தயாரிப்பாளர் தன் வசதிகளைச் சேர்க்க வேண்டும், சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனமும் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். அன்று சிறு திருத்தமானாலும் போன் நிறுவனம் முழு மென்பொருளையும் மறுபடி கட்டி அனுப்பினால்தான் உண்டு என்ற நிலை இருந்தது.

இதை நிறுவனங்களின் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கோளாறு அமைப்பிலேயே இருந்தது. ஒரு போனின் மென்பொருளில் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. கேமரா சிப்பை இயக்கும் நிரல், போன் விற்பனைக்கு வந்தபின் அதிகம் மாறாது. வெளியிலிருந்து வரும் கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் பகுதிக்கோ மாதந்தோறும் திருத்தம் தேவைப்படலாம். ஏதோ ஓர் அரசு கடிகாரத்தை மாற்றி வைக்க முடிவெடுத்தால், நேர மண்டலப் பட்டியல் சில வாரங்களில் புதுப்பிக்கப்பட வேண்டும். இவை அனைத்தையும் ஒரே வெளியீட்டுத் தேதியில் கட்டிவைத்தால், மிக மெதுவாக நகரும் பகுதியே மற்ற எல்லாவற்றின் வேகத்தையும் தீர்மானிக்கும். டயர் தேய்ந்த பஸ்ஸுக்கு எஞ்சினையும் சேர்த்து மாற்றினால்தான் ஆயிற்று என்பது போன்ற ஏற்பாடு இது.

பிரித்து வைப்பதால் என்ன பயன் என்பதற்கு வெப்வியூ நல்ல சான்று. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் பகுதி அது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0இல் கூகுள் அதைத் தனியே பிரித்து, பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கும்படி செய்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், 4.3க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் வெப்வியூ திருத்தம் இனி எழுதப்போவதில்லை என்ற செய்தி வந்தது. அதே பகுதி, அதே நிறுவனம். கட்டியிருந்த விதம்தான் வேறு. ஒரு பக்கம் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது, மறுபக்கம் கோடிக்கணக்கானோர் ஓட்டையோடு விடப்பட்டார்கள். 2017இல் ஆண்ட்ராய்டு 8.0உடன் வந்த டிரெபிள் திட்டம், சிப்பைச் சார்ந்த அடித்தளத்துக்கும் மேலே உள்ள ஆண்ட்ராய்டுக்கும் நடுவே நிலையான எல்லை ஒன்றை வகுத்தது. 2019இல் வந்த மெயின்லைன், இன்னும் சில உள்பகுதிகளை எடுத்துத் தனித்தனியாகப் புதுப்பிக்க வழி செய்தது. அவற்றில் ஊடகப் பகுதிகளும் உண்டு. அப்போது திருத்தப்பட்டு வந்த பாதுகாப்புப் பிழைகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அங்கேதான் இருந்தன என்று கூகுளே கூறியது.

துண்டு துண்டாகப் பிரித்தால் எந்தத் துண்டு எதனோடு பொருந்தும் என்று யார் சோதிப்பது என்ற கேள்வி எழும். அதற்காகத்தான் எல்லை தேவைப்படுகிறது. இரு பக்கமும் கொடுத்த வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும், அதைச் சரிபார்க்கும் தானியங்கிச் சோதனைகளும் இருக்க வேண்டும். டிரெபிளில் இரண்டும் இருக்கின்றன. அந்த வாக்கு இல்லாமல் பிரிப்பது, ஒன்றாகக் கட்டிவைப்பதைவிட மோசம். வேகமாகப் போய்ச் சேரும் வழியில் தவறும் வேகமாகவே போகும் என்பதும் உண்மைதான். 2021 மார்ச்சில் பழுதான வெப்வியூ வெளியீடு ஒன்றால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் உலகெங்கும் திறந்தவுடனே மூடிக்கொண்டன. ஆனால் மருந்தும் அதே வழியில், சில மணி நேரத்திலேயே வந்தது. போன் நிறுவனங்களை நம்பியிருந்தால் மாதங்கள் ஆகியிருக்கும்.

என் பார்வையில் கனமான ஆட்சேபம் வேறொன்று. தனித்தனிப் புதுப்பிப்புகள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கடை வழியாக வந்தால், அதிகாரமும் அங்கேயே குவிகிறது. 2019இல் அமெரிக்கத் தடைக்குப் பின் ஹூவாவேயின் புதிய போன்கள் கூகுள் சேவைகளை இழந்ததை உலகம் பார்த்தது. இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குக் காரணம் பிரித்தல் அல்ல, வாசலில் ஒரே ஒருவர் நிற்பதுதான். டிரெபிளின் எல்லை திறந்த மூலத்தில் இருக்கிறது. அதனால்தான் நிறுவனம் கைவிட்ட போன்கள் பலவற்றில் தன்னார்வலர்களால் புது ஆண்ட்ராய்டைப் பொருத்த முடிகிறது.

உங்கள் போனின் அமைப்புகளில் பாருங்கள்: ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் புதுப்பிப்புக்கு ஒரு தேதியும், கூகுள் பிளே சிஸ்டம் புதுப்பிப்புக்கு வேறொரு தேதியும் இருக்கும். முதல் தேதி இன்னும் போன் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்ற விலை உயர்ந்த வரிசைகளுக்கு ஏழாண்டு வாக்குறுதி கிடைத்துவிட்டது. மலிவான போன்கள் பலவற்றுக்கு அது இல்லை. அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தருவீர்கள் என்று கேளுங்கள்.